வைசு பெரியவளான லீவு

ஏப்ரல் 16

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. லாரி ஆபீசில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து டிவி மேல் சும்மா கிடக்கிறது. முதல் சில பக்கங்களில் வைசு கோலம் போட்டுப் பழகியிருக்கிறாள். மிச்சம் எனக்கு.

என் பெயர் கோமதிநாயகம். தாத்தா பெயரை எனக்கு வைத்துவிட்டு, தங்கச்சிக்கு மட்டும் வைசாலி என்று அழகாக வைத்தார்கள். வீட்டில் நான் கோமு. ஊர் கோவில்பட்டி. அப்பா வடக்கே லோடு ஓட்டுகிறார். வீட்டில் அவரைவிட அவர் சட்டைதான் அதிக நாள் இருக்கும். அம்மா தையல் மிஷின் போட்டிருக்கிறாள். வைசு ஏழாவது முடித்திருக்கிறாள். அவளுக்குப் பொழுதுபோக்கு என்னைக் கிண்டல் செய்வது.

டைரி எழுதக் காரணம் ஜெபராஜ். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் நடந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். பேராயர் அவன் தலையில் கை வைத்து ஜெபம் செய்தாராம். "இனிமே நான் சபையில முழு ஆளுடா" என்றான். நேற்று வரை என்னோடு சேர்ந்து மாங்காய்க்குக் கல் எறிந்தவன் இன்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "நீ எறி, நான் பாக்குறேன்" என்கிறான்.

அம்மாவிடம் கேட்டேன். "பொண்ணுங்களுக்குச் சடங்கு வைக்கீங்க. ஜெபராஜுக்குச் சர்ச்சில வச்சாங்க. எனக்கு என்ன வைப்பீங்க?"

அம்மா வாயில் குண்டூசி. சிரிக்க முடியாமல் தோள் மட்டும் குலுங்கியது. ஊசியை எல்லாம் எடுத்த பிறகு, "உனக்குக் குடிசை கட்டி மூலையில உக்கார வைக்கவாடா? வேணும்னா சொல்லு, உளுந்தங்களி கிண்டித் தாரேன்" என்றாள்.

யாரும் வைக்காவிட்டால் நானே வைத்துக்கொள்வேன். இந்த லீவுக்குள் ஆம்பளை ஆகிவிட வேண்டும். முதல் வேலை, மீசை. இருப்பதை எடுத்தால் அடர்த்தியாக வளருமாம். ஜெபராஜ் சொன்னான்.

ஏப்ரல் 17

அப்பா ரேசரில் எடுத்தேன். மேல் உதட்டில் இரண்டு இடத்தில் வெட்டு.

"மீசையை எடுக்கச் சொன்னா உதட்டை எடுத்து வச்சிருக்கு பாரும்மா" என்று வைசு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். சாம்பார் பட்டால் எரிகிறது.

ஏப்ரல் 20

அம்மா கொஞ்ச நாளாகவே தைத்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் கட்டியாம். சின்னக் கட்டிதானாம். திங்கட்கிழமை செண்பகம் சித்தியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "ரெண்டு நாள்ல வந்திருவேன்" என்றாள் அம்மா.

அப்பா அஸ்ஸாமில் இருக்கிறார். லோடு இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறேன் என்று போனில் சொன்னார்.

சாயங்காலம் அம்மா எனக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அரிசிக்கு மேல் விரல் கணு அளவு தண்ணீர். யார் விரல் என்று கேட்டேன். "இனிமே உன் விரல்தான்" என்றாள். பிறகு மாவு அரைத்தாள், மிளகாய்த்தூள் திரித்தாள், எங்கள் யூனிபார்ம் பித்தானை எல்லாம் இழுத்துப் பார்த்துத் தைத்து வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஜூன் வரை இருக்கிறது. ரெண்டு நாளுக்கு எதற்கு இவ்வளவு மாவு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கு மாவு பிடிக்கும்.

ஏப்ரல் 22

அம்மா போய்விட்டாள். மத்தியானம் சித்தி போன் செய்தாள். உடனே சேர்த்துக்கொண்டார்களாம். புதன்கிழமை ஆபரேஷன். அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, அது இறங்கினால்தான் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து உலகம்மாள் அத்தை நாளை மத்தியானம் வருகிறாள். அப்பாவின் அக்கா. அதுவரை வீட்டுக்கு நான்தான் பெரிய ஆள். வைசுவிடம் அப்படிச் சொன்னேன். "அப்ப நீயே பாத்திரத்தைக் கழுவு" என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 23

இன்று நடந்ததை எல்லாம் எழுத வேண்டும்.

காலையில் உப்புமா செய்தேன். கரண்டியை நட்டால் நிற்கிறது. குளிக்கப் போன வைசு வரவேயில்லை. தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன். உள்ளே அழுகிற சத்தம்.

"வயிறு வலிக்கா? உப்புமா நீ இன்னும் சாப்பிடவே இல்லையேடி."

"அண்ணா" என்றாள்.

அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"அண்ணா, எனக்கும் கட்டி வந்திருச்சு. அம்மா மாதிரியே. ரத்தமா வருது. சித்திகிட்ட அம்மா சொன்னதை நான் கேட்டேன், அம்மாவுக்கும் இப்படித்தான் வந்துச்சாம். என்னையும் வெட்டுவாங்களா?"

நான் கதவுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் எங்கள் அறிவியல் பாடம் ஞாபகம் வந்தது. எங்கள் சார் அந்தப் பாடத்தை மட்டும் நடத்தவில்லை. "வீட்டில படிச்சுக்கோங்கடே" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். அதனாலேயே வகுப்பில் எல்லோரும் அதை நன்றாகப் படித்திருந்தோம். நான் அஞ்சு மார்க் கேள்விக்கு விடையை மனப்பாடமே செய்திருந்தேன்.

"வைசு, பயப்படாதே. இது சிலபஸ்ல இருக்கு" என்றேன்.

அழுகை நின்றது. "என்னது?"

கண்ணை மூடிக்கொண்டு விடையைச் சொன்னேன். பெண் குழந்தைகள் பருவம் அடையும்போது உடலில் ஏற்படும் மாற்றங்கள் யாவை, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. கருப்பையின் உட்சுவர் என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"ஒண்ணுமே புரியலை. தமிழ்ல சொல்லு."

"தமிழ்தான்டி இது. நீ பெரியவளாயிட்டே. அவ்வளவுதான். கட்டி இல்லை, நோய் இல்லை. அம்மாவுக்கு வந்தது வேற, இது வேற. எல்லாப் பொண்ணுங்களுக்கும் வரும்."

"மாசாமாசம் வருமே, அதுவா? எங்க கிளாஸ்ல பேசிக்குவாளுக."

"அதேதான்."

"உனக்கு என்ன வரும்?"

"எனக்குக் குரல் உடையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அநியாயம்" என்றாள். அந்தக் குரலில் பழைய வைசு கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே மறுபடி அழுகை. "அம்மாவுக்குப் போன் போடு. எனக்கு அம்மா வேணும்."

போட்டேன். அம்மாதான் எடுத்தாள். "என்னய்யா, சாப்பிட்டீங்களா? இங்க இன்னும் பிரஷர் இறங்கலை. நாளைக்குள்ள இறங்கலைன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்களாம். வைசு எங்க?"

சொன்னால் அம்மா கட்டிலை விட்டு இறங்கி பஸ் ஏறிவிடுவாள். எனக்குத் தெரியும். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வைசு குளிக்கா. உப்புமாவுக்கு எவ்வளவு தண்ணிம்மா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குச் செஞ்சியா? கட்டியாயிருச்சா?" அம்மா சிரித்தாள். போனை வைத்துவிட்டேன்.

கதவு அருகே போய், "ஆபரேஷன் முடியட்டும். நானே நேர்ல போய் அம்மாகிட்ட சொல்லுதேன். சத்தியமா" என்றேன். உள்ளேயிருந்து கொஞ்சம் கழித்து, "சரி" என்று வந்தது. அந்தச் 'சரி' சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அடுத்தது மெடிக்கல். பக்கத்துத் தெருவில் வடிவு அக்கா கடை. அம்மாவிடம்தான் அக்கா ஜாக்கெட் தைக்கும். நான் போனபோது அக்கா உள்ளே மருந்து அடுக்கிக்கொண்டிருந்தது, கல்லாவில் அக்கா வீட்டுக்காரர். என்ன வேணும் என்றார். இருமல் மாத்திரை என்றேன். கொடுத்தார். திரும்பி வாசல் வரை போய்விட்டு மறுபடி வந்தேன். வேறென்ன என்றார். பிளாஸ்திரி என்றேன். உதட்டைப் பார்த்துவிட்டு நியாயம்தான் என்று கொடுத்தார். மறுபடி போய்விட்டு வந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். தலைவலித் தைலம் என்றேன்.

உள்ளேயிருந்து வடிவு அக்கா வந்துவிட்டது. "வீட்டுல யாருக்குடா என்ன செய்யுது? கடையையே வாங்குத?"

"தங்கச்சிக்கு அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தது. "வைசாலிக்கா?" தலையை ஆட்டினேன். "பேடு வேணுமா?" மறுபடி ஆட்டினேன். "என்ன சைஸ்?" என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏழாவது முடிச்சிருக்கா" என்றேன்.

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் அவர் மருந்து வாங்காமலே போனார். "நீ இதைக் கொண்டு குடு. கூட்டம் குறையவும் நான் வந்து அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கேன்" என்றது. பாக்கெட்டை நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, குண்டு வைத்திருப்பது போலக் கொடுத்தது.

மாற்றுத் துணியோடு கதவிடுக்கில் கொடுத்தேன். "கவர்ல படம் போட்டிருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். சொன்னபடி வடிவு அக்கா வந்து, அரை மணி நேரம் வைசுவோடு பேசிவிட்டுப் போனது. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

உலகம்மாள் அத்தை மத்தியான பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், வைசுவைப் பார்த்தாள், அவ்வளவுதான், யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். பையைக் கீழே போட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட ஆரம்பித்துவிட்டாள்! நான் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"அத்தை, சத்தம் போடாதீங்க!"

"ஏம்லே? நல்ல காரியம்லா? போனைக் கொண்டா. மொத தாய்மாமனுக்குச் சொல்லணும்."

போன் என் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. "மாமாவுக்குச் சொன்னா சித்திக்குத் தெரியும். சித்திக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். பிரஷர் ஏறிட்டா ஆபரேஷன் கிடையாது. நாளைக்கு முடியுற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது."

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். 'ஆபரேஷன்' என்ற இடத்தில் குரல் கீச்சென்று மேலே போய்விட்டது. அத்தை சிரிக்கவில்லை. "அண்ணன்காரன் உத்தரவு போடுதியோ?" என்றாள். கோபம்தான். மூலையில் பாயை விரித்தாள். தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். வைசுவை அங்கே உட்காரச் சொன்னாள். பிறகு, "அந்தப் பாவாடை எங்க?" என்று கேட்டாள்.

"கொடியில காயுது."

"யாரு துவைச்சது? அவளையா துவைக்க விட்ட?"

"நான்தான்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, பச்சைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்று வடிவு அக்கா சொன்னதால் அப்படிச் செய்தேன் என்று விளக்கினேன்.

"உங்க மாமா அவரு வேட்டியையே துவைச்சது கிடையாதுலே" என்றாள் அத்தை. கொஞ்சம் கழித்து, "சரி. நாளைக்கு வரைக்கும் நான் வாயைத் திறக்கலை" என்றாள்.

மூலையில் காற்று வரவில்லை என்று வைசு சொன்னாள். டேபிள் ஃபேனை அங்கே திருப்பி வைத்தேன். என் தட்டையும் எடுத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தொடாதலே" என்றாள் அத்தை. "தொடலை அத்தை, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

அத்தை வைத்த குழம்பு நன்றாக இருந்தது. உப்புமா அப்படியே இருக்கிறது. காக்காய்கூட எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

சித்தி போன் செய்தாள். நல்லபடியாக முடிந்தது. அம்மா கண் விழித்துவிட்டாள்.

நான் மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து வந்தேன். பாதி ஈரம் என்று அத்தை திட்டினாள். பிறகு இருந்த சத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்துக் குலவை போட்டாள்.

ஏப்ரல் 26

பஸ் ஏறித் திருநெல்வேலி போய்விட்டு வந்தேன். சத்தியம் செய்திருக்கிறேன் இல்லையா.

அம்மா மெலிந்துபோய்த் தலையணையில் சாய்ந்திருந்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். "அம்மா, ஒரு நல்ல விஷயம். பதறக் கூடாது. நம்ம வைசு..."

"தெரியும்" என்றாள் அம்மா.

"சித்தி சொல்லிட்டாங்களா?"

"அவளுக்கு நான்தான் சொன்னேன். வடிவு அன்னைக்கு உங்களைப் பாத்துட்டுப் போன கையோடயே எனக்குப் போன் பண்ணிட்டா. நீ மாத்திரை வாங்கினது, தைலம் வாங்கினது எல்லாம் சொன்னா."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப ஏம்மா என்னைக் கேக்கலை? பிரஷர் ஏறியிருக்குமே?"

"அதுதான் ஆச்சரியம். அன்னைக்குச் சாயங்காலம் பாத்தா இறங்கியிருக்கு. என்ன மாத்திரை போட்டீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எம்மவன் போட்டான்னு சொன்னேன்."

அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி, துணி துவைத்து வெளுத்த விரலைப் பார்த்தாள். வெட்கமாக இருந்ததா என்று கேட்டாள். கடையில் மட்டும் என்றேன்.

அந்த வார்டில் பினாயில் அதிகமாக ஊற்றுகிறார்கள். கண் எரிந்துகொண்டே இருந்தது. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வர வேண்டும். "அது ஒண்ணும் இருக்காது" என்று அம்மாவும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

ஏப்ரல் 28

அப்பா வந்துவிட்டார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை.

லாரியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு வந்தவர் தெருமுனையில் பெட்டிக்கடை ஓரமாக நிற்கிறார் என்று ஜெபராஜ் வந்து சொன்னான். போனேன். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் பெரிய கரடிப் பொம்மை, வைசு உயரத்துக்கு. வழியில் வாங்கியிருக்கிறார், விஷயம் தெரியும் முன்பே.

"என்னப்பா இங்க நிக்கீங்க?"

"உங்க அத்தை எல்லாம் சொன்னா." அப்பா பொம்மையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஏல, இனிமே அவளுக்குப் பொம்மை குடுக்கலாமா? தப்பா நெனைப்பாளா?"

எத்தனையோ மலைப்பாதையில் லோடு ஏற்றிப் போகிற ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அவ அதே வைசுதாம்பா. குடுங்க" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அப்பா பின்னால் வந்தார்.

வைசு சமையல்கட்டு வாசலில் பாதி மறைந்து நின்றாள். அப்பா பொம்மையை நீட்டினார். அவள் வாங்கி, அதன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, "அஸ்ஸாம் நாத்தம் அடிக்கு" என்றாள். அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 30

அம்மா வீட்டுக்கு வந்தாச்சு! எடை தூக்கக் கூடாது, குனியக் கூடாது, மிஷின் மிதிக்கக் கூடாது. வாய் மட்டும் வேலை செய்கிறது.

மே 2

பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. சாதாரணக் கட்டி. அப்பா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார்.

மே 3

ஞாயிற்றுக்கிழமை வைசுவுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாகிவிட்டது. சந்தோஷத்தில் அப்பா பிளக்ஸ் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். லாரி உயரம். நடுவில் வைசு போட்டோ, சுற்றி லாரி ஸ்டாண்ட் டிரைவர்கள் எல்லோரும் கும்பிட்டபடி. பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற முக்கில் வைக்கப் போகிறார்களாம்.

வைசு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எங்க கிளாஸ் பசங்க எல்லாரும் அந்த வழியாத்தான் டியூசன் போவானுக. அண்ணா, நான் இனிமே ஸ்கூலுக்கே போகலை."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதானே."

"எப்படிச் சொல்ல? நீ சொல்லு."

அப்பா பைபாஸ் ஓரத்தில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்து முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். கொஞ்சம் துடைத்த பிறகு, "அப்பா, பிளக்ஸ் வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"வைசுவுக்குப் பிடிக்கலை. பசங்க கேலி பண்ணுவாங்க."

"சின்னப் பிள்ளை, அப்படித்தான் சொல்லும். ஊர்ல எல்லாவனும் மகளுக்கு வைக்கான். நான் வைக்கலைன்னா என்ன சொல்லுவான்? லாரிக்காரன், வீட்டுலயே இருக்க மாட்டான், அவனுக்கு என்ன அக்கறைன்னுதானே?"

"நீங்க வீட்டுல இல்லைங்கிறது பிளக்ஸ் வச்சாலும் தெரியும்பா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அப்பா வாளியில் துணியைப் போட்டார். அடிப்பார் என்று நினைத்து நின்றேன். அவர் டயருக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நான் மிச்சக் கண்ணாடியையும் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 4

காலையில் அப்பா சுருட்டிய பிளக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நேற்றே அச்சடித்துவிட்டார்களாம். வைசு அதைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். அப்பா யாரையும் பார்க்காமல் நேராக மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மொட்டை மாடியில் அதை விரித்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி. நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்.

"அக்கா, வத்தல் பிழியத் துணி பத்தலைன்னு சொன்னேல்லா?" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார்.

அத்தை கூழ்ப் பாத்திரத்தோடு ஏறி வந்தாள். இவ்வளவு பெரிய இடத்தில் அவள் வத்தல் போட்டதே இல்லையாம். கீழ்ப்பக்கம் கும்பிட்டபடி படுத்திருக்கும் டிரைவர்கள் மேல் வரிசையாகப் பிழிந்துகொண்டே போனாள். வைசு மெதுவாக மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள். அப்பா அவளிடம், "உன் மூக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும், அங்க கொஞ்சம் பெருசாப் பிழியச் சொல்லு" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் கூழை மிதித்துவிட்டாள்.

இறங்கும்போது அப்பா என் பின்கழுத்தைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வலித்தது. நல்ல வலி.

மே 5

வீட்டுக்குள்ளேயே நடந்தது. மாமாவும் அத்தையும் சித்தியும் வடிவு அக்காவும் அக்கம்பக்கத்தாரும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். வைசு பச்சைப் பட்டில் நன்றாகத்தான் இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

நான் வேட்டி கட்டிப் பரிமாறினேன். பாயசம் வாளியோடு குனிந்தபோது வேட்டி நழுவியது. ஜெபராஜ் தன் பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டு, அதன் பிறகு தன் பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடியே சாப்பிட்டான். மூன்று இலை சாப்பாட்டை ஒரு கையால்.

மே 8

அப்பாவுக்கு லோடு வந்துவிட்டது. நாக்பூர். அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு, லாரி வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

"ஏல, அடுத்து எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

அப்பா இதை எங்களிடம் கேட்டதே இல்லை. லோடு எப்போது முடிகிறதோ அப்போதுதான் வருவார். நான் கொஞ்சம் யோசித்தேன்.

"ஸ்கூல் திறக்குற அன்னைக்கு இங்க இருக்கணும்பா. வைசுவை நீங்கதான் கொண்டுபோய் விடணும். அம்மாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

"நானா? அங்க டீச்சருங்க எல்லாம் இருப்பாங்களே. நான் என்ன பேச?"

"ஒண்ணும் பேச வேண்டாம். கூட நடந்தா போதும்."

"அன்னைக்கு லோடு இருந்தா?"

"வேற டிரைவரைப் பாத்துக்கச் சொல்லுங்க."

அப்பா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சாலையைப் பார்த்தார். பிறகு, ஓனரிடம் சொல்வது போல, "சரிங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து வைசுவிடம், ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு அப்பா வந்து உன்னைக் கூட்டிப் போவார் என்றேன்.

"நிசமாவா? அப்பா அப்படி எல்லாம் வர மாட்டாங்களே."

"வருவாங்க" என்றேன். "நான் சொல்லியிருக்கேன்லா."